‘செட்’ எனும் கிளவி: ஒரு பன்முக ஆய்வு

1. ஆய்வின் தேவை

பூரி ஒரு செட், மேளம் ரெண்டு செட், தோட்டத்துக்குப் பம்புசெட், தாத்தாவுக்குப் பல்செட். நான்கு இடத்திலும் வழங்குவது ஒரே சொல். ஆயினும் ஓட்டலில் பூரி செட் கேட்டவர் முன் யாரும் பல்லைக் கொண்டுவந்து வைத்ததில்லை. இத்தனை பெரிய ஒழுங்கு நாட்டில் நிலவுவதை அறிவுலகம் கவனிக்கத் தவறிவிட்டது. அக்குறையை நீக்க இக்கட்டுரை முயல்கிறது.

2. முன்னாய்வுகள்

இத்துறையின் மூல நூல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1989இல் 20 தொகுதிகளாக வந்த அதன் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்னும் வினைச்சொல்லுக்குத்தான்: 430க்கு மேற்பட்ட பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கம். பின்னர் அகராதியைத் திருத்தத் தொடங்கியபோது ‘மேக்’, ‘புட்’ ஆகியவை அடுத்தடுத்து அந்த இடத்தைப் பிடித்தன. 2011இல் 645 பொருள்களோடு ‘ரன்’ முதலிடம் பெற்றது. ரன் ஓடி முந்தியது. செட் வைத்த இடத்தில் இருந்தது. இரண்டும் தத்தம் பொருளுக்குத் துரோகம் செய்யவில்லை என்பதே நம் கருத்து.

3. பிறப்பு பற்றிய பூசல்

‘வை, உட்கார வை’ என்னும் வினை பழைய ஆங்கிலத்தின் ‘செட்டன்’ வழி வந்தது. ‘கூட்டம், தொகுதி’ என்னும் பெயரோ லத்தீனின் ‘செக்டா’விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. ஆக, பார்வைக்கு ஒன்றாயினும் இவை இரு குடும்பத்துப் பிள்ளைகள்.

ஒலி ஒத்தால் உறவும் உண்டு என்று நம்பும் மூன்றாம் அணியினர் இதை ஏற்க மாட்டார்கள். “கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்து என்று நம் பாட்டிமார் சொல்லவில்லையா? அந்தச் செட்டுதான் கப்பலேறிப் போயிருக்கிறது” என்பது அவர்கள் வாதம். தமிழில் செட்டு என்றால் சிக்கனம். 430 பொருள் சுமக்கும் சொல்லுக்குச் சிக்கனத்தோடு என்ன உறவு என்று கேட்டால், “ஒரே சொல்லை வைத்து 430 வேலை வாங்குவது சிக்கனம் இல்லாமல் வேறென்ன?” என்கிறார்கள். இதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

4. எண்ணியல்

ஒரு செட்டில் எத்தனை? கணிதத்தார் இதைக் ‘கணம்’ என்பர். கணத்தில் எத்தனை உறுப்பும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாவிட்டாலும் அது வெற்றுக் கணம் என்ற மரியாதையோடு வாழும். ஓட்டல் இக்கொள்கையை ஏற்பதில்லை. அங்கே செட் என்பது கடைக்குக் கடை இரண்டாகவோ மூன்றாகவோ இருக்கும். விலைவாசி ஏறினால் பூரியின் விட்டம் குறையும், செட் குறையாது. சீட்டாட்டத்தில், ரம்மிக்காரர்க்கு ஒரே மதிப்புள்ள மூன்றோ நான்கோ சீட்டு செட். டென்னிஸில் வழக்கமாக ஆறு ஆட்டம் வென்றவருக்கு செட். ஆனால் 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மஹூவும் ஆடிய கடைசி செட் 70–68 என முடிந்தது; அது மட்டும் எட்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. இத்தகைய செட்டை எந்த ஓட்டலும் பரிமாறாது. கரகாட்ட செட்டில் எத்தனை பேர் என்பது, கோயில் கமிட்டி கொடுக்கும் அட்வான்ஸைப் பொறுத்தது.

5. வினையியல்

ஆங்கில வினை தமிழுக்குள் வரும்போது ‘பண்ணு’, ‘ஆகு’ என்னும் இரு துணைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டே வரும். ‘செட் பண்ணு’ என்றால் செய்தவர் ஒருவர் இருக்கிறார்: அலாரம் செட் பண்ணுகிறார், ஆபீஸில் ஆள் செட் பண்ணுகிறார். பின்னதோடு ‘அப்’ சேர்ந்து ‘செட்டப்’ ஆகிவிட்டால் ஒழுக்கமும் கெட்டது என்று பொருள்.

‘செட் ஆகு’ என்பதில் செய்பவரே இல்லை. இதைத் துறைபோகக் கற்றவர் கொத்தனார். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர விதி. விகாட் கருவியின் ஊசியை இறக்கி இதைச் சோதிப்பார்கள். புது மருமகளும் மாமியாரும் செட் ஆக எத்தனை நிமிடம் என்று எந்த விதியும் சொல்வதில்லை. இறக்கிப் பார்க்க ஊசியும் இல்லை.

சினிமாக் கலை இயக்குநர் ஒருவர், “செட்ல அந்த சோபா செட் செட் ஆகலை” என்றால் லைட்பாய் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் புரியும். முதலாவது இடப்பெயர், இரண்டாவது பொருட்பெயர், மூன்றாவது வினை. தொல்காப்பியர் காலத்தில் சோபா இல்லாததால் இதற்கு நூற்பா இல்லை.

6. முடிபு

அகராதியின் 430 பொருளிலும் எளிதில் அகப்படாத ஒன்று ‘செட் ஆகலை’ என்னும் எதிர்மறையில் இருக்கிறது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், “செட் ஆகலைன்னுட்டாங்க” என்கிறார் தரகர். உயரமா, சம்பளமா, நகையா, நட்சத்திரமா? யாரும் கேட்பதில்லை. மறுத்தவர் மீதும் பழியில்லை, மறுக்கப்பட்டவர் மீதும் குறையில்லை. விட்ட வேலைக்கும், முறிந்த காதலுக்கும், சலூனில் பறிபோன தலைமுடிக்கும் இதே மருந்து. எழுவாயைக் காணாமல் செய்து ஊர்ச் சண்டையைத் தவிர்க்கும் இந்தப் பயனை ஆங்கிலேயர் அறிந்ததாகத் தெரியவில்லை.

7. பரிந்துரை

அரசு அலுவலகங்கள் இதே பணிக்கு ‘நிர்வாகக் காரணங்களால் தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாத நிலை உள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்ளப் பணிக்கப்பட்டுள்ளேன்’ என்று எழுதிவருகின்றன. இனி ‘செட் ஆகவில்லை’ என்று எழுதலாம். காரணம் இதிலும் தெரியப்போவதில்லை, காகிதமாவது மிஞ்சும். மூன்றாம் அணியினர் சொன்ன செட்டு, அப்போது மெய்யாகவே சிக்கனத்தைக் குறிக்கும்.