தனியாகப் போன கதை

"என்னைத் தேடித் தனியே போகிறேன்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டு, பெங்களூரிலிருந்து யாணாவுக்குக் காரை எடுத்தேன். வழி நெடுக அம்மா ஆறு முறை, மனைவி நான்கு முறை அழைத்தார்கள்; மீதி நேரம் கூகுள் மேப் பேசியது.

உத்தர கன்னடக் காட்டுக்குள் 120 மீட்டர் பைரவேசுவர சிகரமும், 90 மீட்டர் மோகினி சிகரமும் கன்னங்கரேலென நிற்கின்றன. சுண்ணாம்புப் பாறைதான். ஆனால், தன் தலையிலேயே கைவைத்து எரிந்த பஸ்மாசுரனால் வந்த கறுப்பு என்கிறது தலபுராணம். செல்ஃபி அனுப்பச் சிக்னல் இல்லாததால் நானும் தலையில் கைவைத்தேன்.

திமிர் உள்ளவன் யாணா போவான், ரொக்கம் உள்ளவன் கோகர்ணம் போவான் என்பது கன்னடச் சொலவடை. பெட்ரோலில் ரொக்கம் தீர்ந்தது. படியேறியதில் திமிரும் தீர்ந்தது.