பூச்சிய வட்டி யாருக்கு?

2006, 2007இல் லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்களோடு வேலை செய்த பெடியள் கூடினால், கிரிக்கெட்டுக்கு அடுத்த பேச்சு கிரெடிட் காட் மாற்றுவதுதான். "அண்ணை, புதுக் காட் ஒண்டு விட்டிருக்கிறாங்கள், ஒன்பது மாசத்துக்கு வட்டியே இல்லை. பழைய கடனை அதுக்கு மாத்துங்கோ" என்பார்கள். மாற்றினோம். சலுகைக் காலம் முடியுமுன் அடுத்த காட், அதற்குப் பிறகு இன்னொன்று. புது வாடிக்கையாளரைப் பிடிக்க வங்கிகள் போட்டி போட்ட காலம் அது.

கடனே இல்லாதவர்களும் இதைச் செய்தார்கள் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பூச்சிய வட்டியில் எடுத்த பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போடுவதுதான் வழி. 2007 ஜூலையில் இங்கிலாந்து மத்திய வங்கியின் வட்டி வீதம் 5.75%. நல்ல சேமிப்புக் கணக்குகளும் அதையொட்டியே கொடுத்தன. 5,000 பவுணை ஒரு வருடம் வைத்திருந்தால் வரி போக 200 பவுண் அளவில் மிஞ்சும். மாதாந்தக் குறைந்தபட்சத் தொகை டைரக்ட் டெபிட்டில் தானாகப் போகும். வெள்ளைக்காரர்கள் இதற்கு 'ஸ்டூசிங்' என்று பெயரே வைத்திருந்தார்கள். கடன் மாற்றுவதற்கு 2%, 3% என்று வங்கிகள் கட்டணம் போடத் தொடங்க, மிஞ்சுவது குறைந்தது.

ஊரில் நகையை அடைவு வைத்து அறா வட்டி கட்டிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நாங்கள். வங்கியின் பணத்தை வைத்து வட்டி வாங்குவது எங்களுக்குப் பெரிய வெற்றி. சட்டப்படி அதில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் அந்த வட்டியில்லாச் சலுகையின் செலவை யார் தாங்குகிறார்கள் என்பதை, தெரிந்த அக்கா ஒருவரின் ஸ்டேட்மென்டில்தான் கண்டேன்.

அக்கா அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை செய்து, தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். 2,000 பவுண் பழைய கடனைப் பூச்சிய வட்டிக் காட்டுக்கு மாற்றியிருந்தார். அதே காட்டில் ஒரு கட்டிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்புகளும் வாங்க, 500 பவுண் ஏறிவிட்டது. அதற்குச் சலுகை இல்லை. வருட வட்டி 18%. மாதம் 100 பவுண் நாள் தவறாமல் கட்டினார். "ஒழுங்காய்த்தானே கட்டிறன் தம்பி, இது மட்டும் ஏன் கூடிக்கொண்டு போகுது?" என்று கடைச் செலவு வரியில் விரலை வைத்துக் கேட்டார்.

பதில் ஸ்டேட்மென்டின் பின்பக்கத்தில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருந்தது. கட்டும் பணம் முதலில் வட்டி குறைந்த கடனுக்கே போகும். அதாவது, அக்கா கட்டிய ஒவ்வொரு 100 பவுணும் வட்டியே இல்லாத கடனைக் கரைத்தது. 500 பவுண் தொடப்படாமல் வட்டிக்கு வட்டி சேர்த்துக்கொண்டிருந்தது. அப்படியே போனால், 2,000 தீர 20 மாதம். அதற்குள் அந்த 500 பவுண் 670ஐத் தாண்டிவிடும். அன்று பெரும்பாலான காட்களில் இதுதான் நடைமுறை. கணக்குத் தெரிந்த எங்களுக்குக் கிடைத்த இலாபத்தில், கணக்குப் பார்க்க நேரமில்லாத அக்காவின் உழைப்பும் இருந்தது. எனக்கு வங்கியின் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

2011 முதல் அந்த முறை தலைகீழானது. கூடிய வட்டிக் கடனே முதலில் கழிக்கப்பட வேண்டும். 2018இல் இன்னொரு விதி வந்தது. ஒருவர் 18 மாதங்களாக முதல் தொகையை விட வட்டியும் கட்டணமும்தான் கூடக் கட்டுகிறார் என்றால், காட் நிறுவனம் பேசாமல் இருக்க முடியாது, அவருக்கு அறிவித்தே ஆகவேண்டும். 36 மாதமாகியும் அப்படியே இருந்தால் கடனைத் தீர்க்க வழி செய்து கொடுக்க வேண்டும். இரண்டும் நல்ல விதிகள். அக்காவுக்குத்தான் காலம் கடந்து வந்தன.

இன்று எனக்கு மோட்கேஜ் முடியும் தறுவாய், கையில் கொஞ்சம் சேமிப்பும் உண்டு. கடன் தேவையில்லை. பூச்சிய வட்டிச் சலுகைகளோ முன்பைவிட நீளமாக என்னைத் தேடி வருகின்றன. 2016 அளவில் 40 மாதச் சலுகைகூட இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை இருக்கிறாள். முதியோர் பராமரிப்பு வேலை விசாவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். ஏஜென்சிக்குக் கட்டிய கடன் ஊரில் வட்டியோடு நிற்கிறது. காட் கிடைக்குமா என்று என் முன்னாலேயே போனில் தட்டிப் பார்த்தாள். பூச்சிய வட்டிக் காட்கள் எல்லாமே சிவப்பு. பச்சையாக வந்தது ஒன்றே ஒன்று, 34.9% வட்டி. விளம்பரத்தில் காட்டும் வட்டியைக்கூட, ஏற்கப்படுபவர்களில் 51% பேருக்குக் கொடுத்தால் போதும் என்பதே இந்த நாட்டு விதி.

இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் கொமன்வெல்த் என்ற வகையில் இங்கே வாக்காளராகப் பதியலாம் என்பது அவளுக்குத் தெரியாது. பதிவு இருந்தால் கடன் மதிப்பு கொஞ்சம் ஏறும். அன்றே பதிந்தோம். அந்தக் காட்டை எடுத்தால், மாதமுடிவில் முழுத்தொகையும் டைரக்ட் டெபிட்டில் போக வைத்து, கடைச்சாமானுக்கு மட்டும் பாவி என்றேன். காசு எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி.

வந்த நாள் முதல் அவள் வாடகையை ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. வீட்டுக்காரரோ அவளோ தனியாகப் பதிவு செய்தாலொழிய, அது அவளுடைய கடன் வரலாற்றில் ஏறாது. நான் மோட்கேஜ் கட்டியது மட்டும் மாதம் தவறாமல் ஏறியது. வாடகையையும் அதேபோல் ஏற்றுங்கள் என்று எங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதியிருக்கிறேன்.