தலை இருந்தால்தான் கிட்டாரா?

கேள்வி: பேஸ் கிட்டார் வாங்கப் போனால் எந்தக் கம்பெனியைப் பார்த்தாலும் ஒரே உருவம். புதுசாக யோசிக்கவே மாட்டார்களா? – ஒரு வாசகர், ராயபுரம், திருப்பூர்

பதில்: கேட்கிற ஊரைப் பாருங்கள்! காலர், அரைக்கை, நெஞ்சில் ரெண்டு மூணு பட்டன். 1926-இல் டென்னிஸ் வீரர் லகோஸ்த் போட்டு ஆடிய அதே பனியன்தானே இன்றும் உங்கள் கட்டிங் டேபிளில் கிடக்கிறது? பையர் சாம்பிளை நீட்டி 'இதே மாதிரி' என்கிறார். கிட்டார்காரருக்கும் அப்படித்தான்.

லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை 1951-இலும் ஜாஸ் பேஸை 1960-இலும் கொண்டுவந்தார். பிரிசிஷன் வடிவம் தங்களுக்கே சொந்தம் என்று ஃபெண்டர் கம்பெனி கேட்டதை அமெரிக்க வணிகமுத்திரை வாரியம் 2009-இல் தள்ளிவிட்டது, அதற்குள் ஊரே அதைச் செய்துகொண்டிருந்தது. அப்புறம் காப்பிக்கு என்ன தடை?

யோசித்தவரும் உண்டு. நெட் ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கில் முறுக்காணிகள் இருக்கும் தலையையே எடுத்துவிட்டார். மரத்துக்குப் பதில் கார்பன் இழை, முறுக்காணியெல்லாம் அடிப்பக்கம். மழைக்கும் வெயிலுக்கும் கழுத்து வளையாது. எல்லோரும் ஆகா என்றார்கள், பில் போடும்போது பழைய மாடலைக் காட்டினார்கள்.

உங்களுக்குத் தலையில்லாததுதான் வேண்டுமா? கவலை வேண்டாம், அதற்கும் காப்பி வந்துவிட்டது.