75 சென்ட் உளவாளி

1986இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளருக்கு ஆராய்ச்சிப் பணம் தீர்ந்துபோனது. வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல் கீழ்த்தளத்துக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அனுப்பினார்கள். நட்சத்திரம் எண்ணியவர் சில்லறை எண்ண வந்தார். கம்ப்யூட்டர் நேரத்துக்கான கணக்கில் 75 சென்ட் இடிக்கிறது, என்னவென்று பார் என்றார்கள். வேறு யாராவது என்றால் சொந்தப் பையிலிருந்து சில்லறையைப் போட்டுவிட்டு காபி குடிக்கப் போயிருப்பார்.

ஸ்டோல் போகவில்லை. எவனோ 9 விநாடி கம்ப்யூட்டரை ஓட்டிவிட்டுக் காசு கொடுக்காமல் நழுவியிருந்தான். தோண்டிப் பார்த்தால், ஈமேக்ஸ் மென்பொருளின் ஓட்டை வழியே புகுந்து நிர்வாகி நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, ராணுவக் கணினிகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்கிறான். சில கதவுகளில் கடையிலிருந்து வந்த கடவுச்சொல்லே மாறாமல் தொங்கியது.

அந்த வார இறுதியில் ஆளில்லாத மேசைகளிலிருந்து பிரிண்டர்களையும் டெர்மினல்களையும் ஸ்டோல் கேட்காமலே அள்ளிவந்து, 50 தொலைபேசி இணைப்புகளிலும் மாட்டிவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டார். திருடனைப் பிடிக்க அவர் எடுத்த முதல் நடவடிக்கை திருட்டு!

எஃப்.பி.ஐ.க்குச் சொன்னார். நஷ்டம் எவ்வளவு என்றார்கள். உண்மையைச் சொன்னார், பாவம். சி.ஐ.ஏ.வும் மற்ற மூன்றெழுத்துக்காரர்களும் காதை மட்டும் கொடுத்தார்கள். கை கொடுக்க ஆளில்லை. இடையில் முக்கியமான கோப்பில் அவன் கைவைத்தால், ஸ்டோல் சாவிக்கொத்தை ஒயரில் உரசுவார். லைன் கொரகொரக்கும், அவன் தொலைபேசித் துறையைத் திட்டிக்கொண்டு மறுபடி முயல்வான்.

தடம் மேற்கு ஜெர்மனிக்குப் போனது. ஹானோவர் எக்ஸ்சேஞ்ச் பழங்காலத்தது. இணைப்பை ஆள் வைத்துத் தேடவேண்டும், அதற்கு நேரம் வேண்டும். அவனோ வந்த சுருக்கில் போகிறவன். ஷவரில் குளிக்கும்போது ஸ்டோலின் காதலிதான் வழி சொன்னார்: அமெரிக்காவின் ஏவுகணைத் தடுப்புத் திட்டமான ‘நட்சத்திரப் போர்’ பெயரில் வண்டி வண்டியாகப் பொய்க் கோப்பு போடு. அரசாங்கக் கடிதம் என்றால் மணிக்கணக்கில் படிக்கிற உலகின் ஒரே வாசகன் சிக்கினான். மேலும் விவரம் வேண்டும் என்று பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒருவர் தபாலில் கடிதமே போட்டார், அதுவும் இல்லாத ஒரு செயலாளருக்கு.

ஆள் மார்க்கஸ் ஹெஸ். சரக்கு போனது சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.க்கு. 1990இல் தண்டனை விதித்தார்கள், நிறுத்தியும் வைத்தார்கள்.

ஸ்டோல் 1989இல் எழுதிய ‘குயில் முட்டை’ நூல் அமோகமாக விற்றது. உளவுக் கதை நடுவே சாக்லேட் பிஸ்கட் செய்முறையும் உண்டு. 1995இல் நியூஸ்வீக் பத்திரிகையில், இணையத்தில் வியாபாரமாவது ஒன்றாவது என்று எழுதினார். இப்போது உள்ளும் வெளியும் ஒன்றேயான க்ளைன் கண்ணாடிக் குடுவைகளை விற்கிறார். இணையத்தில்தான். சரக்கு வீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஆர்டர் வந்தால் ஒரு குட்டி ரோபோ உருண்டுபோய்ப் பெட்டியை எடுத்துவரும்.