சாக்கடைக்கு ஓர் ஓட்டு

அமெரிக்காவில் பல ஊர்களில் சாக்கடையைச் சீரமைக்கக் கடன் பத்திரம் வெளியிடுவதென்றால், முதலில் வாக்காளரிடம் கேட்கிறார்கள்: கடன் வாங்கலாமா, வேண்டாமா? பாவம், வேறு வேலை இல்லை போலும்.

சென்னை மாநகராட்சி 2025 மே மாதம் ரூ.200 கோடிக்குத் தன் பத்திரத்தை வெளியிட்டது. கொசஸ்தலையாற்று வடிநிலத்தின் மழைநீர் வடிகாலுக்காக. முதலமைச்சர் மணியடித்தார், தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலும் ஆயிற்று. முதலீட்டாளர்கள் கேட்டதைவிட அதிகமாகவே கொட்ட முன்வந்தார்கள். ஆக, வடிகாலைப் பற்றிக் கருத்துக் கேட்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. கேட்டார்கள், பணம் வைத்திருப்பவர்களிடம்.

மயிலாப்பூர் வாக்காளருக்கு இதில் வருத்தமில்லை. 2016 கடைசியிலிருந்து 2022 வரை கவுன்சிலரே இல்லாமல் காலம் தள்ளியவர், இதற்கா அசருவார்?

மழைநீர் மாநகராட்சிக்கு, கழிவுநீர் குடிநீர் வாரியத்துக்கு என்று 1978-லேயே சட்டம் போட்டுப் பாகம் பிரித்தாயிற்று. ஆனால் திருட்டு இணைப்பு வழியே இரண்டும் ஒரே வடிகாலில் சந்தித்து, கைகோத்தபடி அடையாற்றிலோ பக்கிங்காம் கால்வாயிலோ இறங்குகின்றன. அதிகாரிகள் கூட்டம் போட்டும் கைகூடாத துறை ஒருங்கிணைப்பு, தண்ணீருக்குத் தானாகவே வாய்த்திருக்கிறது.

நம்மிடமும் ஓட்டுக் கேட்டால் தி.நகர் முழுக்க 'சரி' என்றே குத்துவோம். ஒரே நிபந்தனை: தோண்டிய பள்ளத்தை மூடும் தேதியை வாக்குச்சீட்டிலேயே அச்சிட வேண்டும்.