பின்னாடி யாருமில்லை, மாமா

கேட்டி, டெக்சஸ்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். தபால் பெட்டிக்குத்தான் உடம்பு சரியில்லாமல் இருந்தது. இப்போது அதுவும் தேறிவிட்டது.

பாப்பா கல்யாணப் பத்திரிகை எனக்குத் தாமதமாகக் கிடைத்ததற்கு நீங்கள் தபால் ஆபீசில் போய்ச் சண்டை போட்டதாக அத்தை போனில் சொன்னாங்க. தபால் ஆபீஸ்காரங்க பாவம் மாமா, தப்பு என்னுடையது. இந்த ஊரில் தபால் பெட்டி தெருவோரத்தில் கம்பத்தின் மேல் நிற்கும். ரோட்டிலிருந்து 41 முதல் 45 அங்குல உயரத்தில் இருக்கணும் என்று விதியே இருக்கு. தபால்காரர் வண்டிக்கு மட்டும் நம்ம ஊர் மாதிரி வலப்பக்கம் ஸ்டீயரிங். இறங்காமலே கையை நீட்டிப் போட்டுவிட்டுப் போய்விடுவார். பெட்டி நிற்காவிட்டால் தபாலும் கிடையாது. அந்தப் பெட்டியை ஒரே மாதத்தில் இரண்டு தடவை சாய்த்தவன் உங்கள் மருமகன்தான்.

முருங்கைக்கு மண் ஏற்றலாம் என்று ஒரு பழைய பிக்கப் டிரக் வாங்கினேன், 2008 மாடல். நீளம் 20 அடிக்கு மேல், அகலம் ஆறரை அடி. பின்கதவு என் நெஞ்சு உயரம். அதற்குப் பின்னால் தபால் பெட்டி என்ன, ஒரு கன்றுக்குட்டி நின்றாலும் கண்ணாடியில் தெரியாது. ராத்திரியானால் பின்கண்ணாடியின் கறுப்புச் சாயமும் சேர்ந்துகொள்ளும். ரிவர்ஸ் லைட் இரண்டும் நம்ம கோயில் அகல் விளக்குதான். "நான் பின்னாடி வர்றேன்" என்று ஊருக்குச் சொல்லுமே தவிர, எனக்கு வழி காட்டாது.

சங்ககிரியில் உங்கள் லாரிக்கு கிளீனர் மாரி இருக்கான். "வரட்டும், வரட்டும், லெப்ட்ல ஒடிங்க, போதும்!" என்று பாடியில் ஒரு தட்டுத் தட்டினால் வண்டி நிற்கும். இங்கே மாரி வேலையை பல்பு செய்ய வேண்டியிருக்கு.

கேமரா வைக்கலாமே என்பீர்கள். 2018 மே 1 முதல் இங்கே விற்கத் தயாராகும் புதுக் கார், சின்ன டிரக் எல்லாவற்றிலும் அது கட்டாயம். வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளம் தெரியணும். அப்பாவே வீட்டு வாசலில் பின்னெடுத்த வண்டியில் அடிபட்டு இரண்டு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அவன் பெயரில் 2008-இல் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வர பத்து வருஷம் ஆனது. அந்தக் கதையைப் படித்த அன்றுதான் நான் பெட்டி இடித்ததைச் சொல்லிச் சிரிப்பதை நிறுத்தினேன்.

கேமராவும் வாங்கி மாட்டினேன். பகலில் ராஜா. ராத்திரியில் வெளிச்சம் இல்லையென்றால் அதற்கும் மாலைக்கண். திரை முழுக்கப் புள்ளி. அப்புறம் பழைய ரிவர்ஸ் பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டேன். எரியவில்லை. கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுத் தாத்தா வந்து பல்பைத் திருப்பி மாட்டினார், எரிந்தது! எல்இடிக்குப் பிளஸ் மைனஸ் உண்டு என்பது எனக்குத் தெரிந்திருக்கணும். எஞ்சினியர் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

அதுவும் போதாமல் பம்பருக்கு அடியில் இரண்டு தனி விளக்கு. கடைசியில் சரியாக வந்தது இதுதான், ஆனால் முதலில் தப்பான ஜாதி விளக்கை வாங்கிவிட்டேன்: ஒளி ஊசிபோல நேரே போகிற ரகம். எதிர்வீட்டுப் படுக்கையறையில் நிலா உதித்தது, தபால் பெட்டி மட்டும் இருட்டிலேயே நின்றது. இரண்டாவது தடவை சாய்ந்தது அன்றைக்குத்தான். பிறகு ஒளி பரவுகிற ரகமாக மாற்றி, கொஞ்சம் தரையைப் பார்த்தும் கொஞ்சம் வெளிப்பக்கமாகவும் திருப்பி வைத்தேன். இப்போது பக்கக் கண்ணாடியிலேயே சக்கரம், புல்தரை ஓரம், கம்பம் எல்லாம் தெரியுது. பழைய ரிவர்ஸ் ஒயர் இந்தப் பாரம் தாங்காது என்று தாத்தா ஒரு ரிலே வைத்து, ப்யூஸ் போட்டு, பேட்டரியிலிருந்தே தனி ஒயர் இழுத்துக் கொடுத்தார். டேஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைத்தால் வெளியே இன்னும் நன்றாகத் தெரியும் என்பதும் அவர் பாடம்தான். அதற்குக் காசு கிடையாது, ஒரு திருகு போதும்.

தாத்தா முப்பது வருஷம் 18 சக்கர லாரி ஓட்டியவர். நான் இவ்வளவு செலவு செய்ததைப் பார்த்துவிட்டு, "சந்தேகம் வந்தால் இறங்கிப் பார்" என்றார். அதை அவர் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் என் மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை. செல்போன் டார்ச்சோடு கம்பத்தை அணைத்துக்கொண்டு நின்று, "வரட்டும், வரட்டும்" என்கிறாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரியுது.

பதில் போடுங்கள் மாமா, பெட்டி நிமிர்ந்து நிற்கிறது. உறைக்குள் நம்ம லாரிக்கு ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கரும் நாலு முழம் வையுங்கள், கம்பத்துக்குச் சுற்றணும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்