தோல் இருக்க வடிகட்டி எதற்கு?

கேள்வி: வாழைப்பழத் தோல் தண்ணீரில் இருக்கும் ஈயத்தை எடுத்துவிடுமாமே? குடத்தில் ரெண்டு தோலைப் போட்டு வைத்தால் போதுமா?

பதில்: தாராளமாகப் போடுங்கள். ஈ வரும், ஈயம் போகாது!

விஷயம் என்னவோ நிஜம்தான். பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் தோலைக் காயவைத்து, பொடித்து, பரானா ஆற்றுத் தண்ணீரில் சோதித்து 2011-இல் கட்டுரையே வெளியிட்டார்கள். தாமிரமும் ஈயமும் பொடியில் ஒட்டிக்கொண்டன. தோலிலுள்ள பெக்டின் போன்றவற்றில் எதிர்மின்னேற்றம் கொண்ட அமிலக் கைகள் உண்டு. நேர்மின்னேற்றத்தோடு மிதந்து வரும் ஈய அயனியை அவை 'வா ராசா' என்று பிடித்துக்கொள்ளும். தண்ணீர் புளிப்பாக இருந்தால் ஹைட்ரஜன் அயனிகள் முந்திக்கொண்டு இடம்பிடித்துவிடும், ஈயம் வெளியே நிற்கும். அதனால்தான் நீர்த்த அமிலத்தில் அலசினால் பொடி பிடித்ததை விட்டுவிடுகிறது. அதே பொடியை 11 முறை வரை பயன்படுத்தலாம் என்றார்கள்.

ஆனால் இதெல்லாம் அளந்து, சோதித்துச் செய்கிற ஆய்வகச் சமாசாரம். காய்ச்சிக் குடித்துக்கொள்கிறேன் என்கிறீர்களா? நீர் வற்றும், ஈயம் வற்றாது. முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஈயம் பிடித்த தோல்பொடியை மட்டும் தப்பித்தவறி உரக்குழியில் கொட்டிவிடாதீர்கள்; கீரை வழியாக அது உங்கள் தட்டுக்கே வந்து சேரும்.